உலகப் படிப்பு மேல்மலைக்கும் வேண்டும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில், 1901-ல், ஆறு மாணவர்களுடன் ஒரு கல்லூரி தொடங்கியது. வெளியூர் போய்த் தங்கிப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். அந்நாட்டில் இன்று ஏறக்குறைய ஆயிரம் இருக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கு அதுதான் முன்னோடி. அதே 1901-ல் கொடைக்கானலில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பள்ளி தொடங்கியது. ஏழு ரோடு சந்திப்பில் இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று நிற்பது அதுதான். இந்தியாவில் ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பக்கலோரியட் பாடத்திட்டத்தை முதலில், 1976-லேயே, கொண்டுவந்த பள்ளி. அங்கே பதினாறு வயதுப் பிள்ளை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் வீட்டோ அதிகாரம் பற்றிக் கட்டுரை எழுத முடியும். மேல்மலை ஊர்களான பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து அந்த மதில் ஓரமாக நடந்து போகும் பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நாம் நீட்டும் பட்டியல் வேறு: தையல், கணினி, செவிலியர் உதவியாளர், ஹோட்டல் வேலை. இவற்றில் எதுவும் தாழ்ந்த படிப்பில்லை. ஆனால் தன் மலைக்கு வெளியே இருக்கிற உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தரும் படிப்பு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. பழனி மலையிலும் அடிவாரத்திலும் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் எது நடந்தாலும், இனி எது தொடங்கினாலும், அதில் சர்வதேச உறவுகள் முறையான பாடமாக, தமிழில், இடம்பெற வேண்டும் என்பது என் வாதம்.

சமுதாயக் கல்லூரி நமக்குப் புதிதல்ல. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்கப் பேராயத்தின் ஆதரவில் இன்னொன்று வந்தது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அந்த முயற்சியை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவ்வகைக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்க முன்வந்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு தனித் திட்டமே போட்டது. பள்ளியை விட்டு நின்றவர்களுக்கும், திருமணத்துக்குப் பிறகு படிக்க நினைத்த பெண்களுக்கும், கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பங்களுக்கும் இந்தக் கல்லூரிகள் செய்த உதவியை மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து பெயரை இறக்குமதி செய்தபோது சரக்கில் பாதி துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. அங்கே இந்தக் கல்லூரிக்கு இரண்டு கால்கள்: ஒன்று தொழிற்பயிற்சி, மற்றொன்று வரலாறு, அரசியல், அறிவியல் என்று பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிவிடும் பொதுக்கல்வி. நாம் முதல் காலை மட்டும் கொண்டுவந்தோம். வெல்டிங் படிக்கும் மாணவனும் உலக அரசியல் படிக்கும் மாணவியும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றில் உலகவியல் இரண்டாண்டுப் படிப்பாகவே இருக்கிறது. முடித்தவர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். அந்த நாட்டை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கனவோடு சேர்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கரையை எட்டுவதில்லை என்று அங்குள்ள கல்வியாளர்களே பல காலமாகப் புலம்புகிறார்கள். ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைத்தொழில் போதும், உலக அறிவு வேண்டியதில்லை என்று அங்கே யாரும் விதி எழுதி வைக்கவில்லை. இங்கே அப்படி யாரும் எழுதவில்லை என்றாலும் நடைமுறை அதுதான்.

மலையில் இருப்பவருக்கு உலக அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் கொடைக்கானலின் பாதரச வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு கொடைக்கானலின் செயின்ட் மேரீஸ் சாலையில் நிறுவப்பட்டது. சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது. அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. மலைக்கு மிஞ்சியது வேலையும் கழிவும். ஆலையை ஒட்டிப் பாம்பாறு சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துச் சமவெளியைத் தொடுகிறது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியல் டன் கணக்கில் கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர்மக்களும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவும் பாதரசம் கலந்த பொருட்களும் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயின. ஏழை நாட்டில் கொட்டிய நச்சுக் கழிவு, புறப்பட்ட நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டது உலக அளவில் அரிய சம்பவம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் வந்தது. அதையும் மனிதாபிமான அடிப்படையில் தருவதாகத்தான் நிறுவனம் சொன்னது. பதினைந்து ஆண்டு காத்திருப்பு.

இந்த ஒரு வழக்கில் சர்வதேச உறவுகள் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது. ஒரு நாட்டில் சுற்றுச்சூழல் சட்டம் இறுகும்போது ஆபத்தான தொழில் எந்த நாட்டுக்கு இடம் மாறுகிறது, ஏன்? தாய் நிறுவனம் லண்டனில், கிளை மும்பையில், கழிவு கொடைக்கானலில் என்றால் பொறுப்பு யாருக்கு? நச்சுக் கழிவு எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989-ல் உருவானது. இந்தியா 1992-ல் ஏற்றது. அமெரிக்கா இன்றுவரை முழு உறுப்பினராகவில்லை. பாதரசத்துக்கென்றே மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் வந்தது, இந்தியா 2018-ல் ஏற்றது. ஜப்பானில் மீன் சாப்பிட்டு நரம்பு முடங்கிய மீனவர்களின் ஊர்ப்பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும் சண்டை எண்களைச் சுற்றி நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை ஒரு தரப்பு வைத்தது. இதே நிறுவனம் ஐரோப்பாவில் இதைவிடக் கடுமையான அளவுக்குக் கட்டுப்பட்டிருக்கும், இந்தியனின் உடம்புக்குத் தனி அளவா என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் ஆலையில் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். அந்தக் காகிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ள அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களையே நம்ப வேண்டியிருந்தது. வந்தவர்கள் நல்லவர்களாக இருந்தது அதிர்ஷ்டம். அடுத்த முறையும் அதிர்ஷ்டம் துணைக்கு வரும் என்று ஒரு மலைநகரத்தின் பாதுகாப்பை விட்டுவைக்க முடியுமா?

பாதரசம் விபரீதம், அதை வைத்து விதி செய்யக் கூடாது என்று சொல்லலாம். சரி, அன்றாடப் பிழைப்புக்கு வருவோம். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு பக்கம் மரநிழலில் காப்பி விளைகிறது. ஊடே மிளகும் மலைவாழையும். இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதிகம் வாங்குவது இத்தாலி. அராபிகா விலை நியூயார்க் சந்தையிலும் ரொபஸ்டா விலை லண்டன் சந்தையிலும் முடிவாகின்றன. 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி கொட்டியதும் விலை எகிறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு அராபிகா 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. பட்டிவீரன்பட்டி பதனிடும் ஆலையில் மூட்டையை இறக்கும் விவசாயிக்கு அன்றைய விலை தெரியும். அது ஏன் அந்த விலை, எத்தனை நாள் நிற்கும் என்பது தெரியாது. தெரிந்தவர் வியாபாரி. இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு தொகை கழிகிறது. போதாததற்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு விதி இயற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர் போன்றவை அங்கே நுழையக் கூடாது. விளைந்த தோட்டம் எது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டமென்றால் அதன் எல்லை முழுவதையும் வரைபடமாகத் தர வேண்டும். அமலாகும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் விதி போய்விடவில்லை. மூன்று ஏக்கர் காப்பி வைத்திருப்பவர், பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பவர், காட்டு எல்லையில் தகராறு உள்ளவர் எல்லோரையும் பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஒரு வரி தொடப்போகிறது. அதை அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஊருக்கு ஒரு ஆள் வேண்டாமா?

மேல்மலைக்குப் போனால் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. புவிசார் குறியீடு என்பதே உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் வழியாக நம் சட்டத்துக்குள் வந்த ஏற்பாடு. உலகப் பூண்டில் முக்கால் பங்கை விளைவிக்கும் சீனாவின் சரக்கை நோய்க் காரணத்தால் இந்தியா தடுத்து வைத்திருக்கிறது. நேபாள எல்லை வழியாகக் கடத்தல் சரக்கு நுழைவதாகச் செய்தி வரும்போதெல்லாம் வடுகபட்டிச் சந்தையில் பேச்சு அதுதான். குறியீடு வாங்கியாயிற்று, ஆனால் கொடைக்கானல் பூண்டு என்று பெயர் போட்டு வேறு ஊர்ப் பூண்டை விற்பவன் மேல் யார் வழக்குப் போடுவது, எங்கே போடுவது என்று கேட்டால் பதில் சொல்லும் விவசாயிகள் குறைவு. வட்டக்கானலில் கட்டாய ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து தங்குவது பல ஆண்டு வழக்கம். அவர்களைத் தாக்கும் சதி பற்றித் தேசியப் புலனாய்வு முகமை 2016-ல் பேசியபோதுதான், மேற்காசியச் சண்டை தங்கள் ஹோம்ஸ்டே வாசல்வரை வந்திருப்பது அங்குள்ளவர்களுக்கு உறைத்தது. அதற்கு முன் அவர்களுக்குத் தெரிந்த வெளியுறவுக் கொள்கையெல்லாம் வெளிநாட்டவர் தங்கினால் பூர்த்தி செய்யும் சி படிவம்தான்.

பழைய கணக்கையும் ஒரு பார்வை பார்க்கலாம். புல்வெளிகளை மூடிக் கிடக்கும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அதன் பட்டை தோல் பதனிடப் பயன்படும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கிருந்த இந்தியர்களை நடத்திய விதத்துக்காக 1946-ல் இந்தியா அந்நாட்டோடு வாணிபத்தை முறித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் பட்டை உள்நாட்டிலேயே வேண்டும் என்ற நிலை வந்தபின் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் நடவு பெருகியது. இனவெறியை எதிர்த்து டெல்லி எடுத்த நியாயமான முடிவு, இங்கே புல்வெளியையும் ஊற்றையும் விழுங்கிய காடாக முளைத்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையிலும் குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். அல்ஜியர்சில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்துவிட்டு ஊர் திரும்பிய ஷேக் அப்துல்லாவை 1965-ல் கைது செய்த மத்திய அரசு, காஷ்மீரிலிருந்து இதைவிடத் தொலைவான குளிர்ப் பிரதேசம் இல்லை என்று நினைத்தோ என்னவோ, ஊட்டிக்குப் பிறகு கொடைக்கானலில்தான் அவரைக் காவலில் வைத்தது. இப்படிப்பட்ட ஊரில் உலக அரசியல் பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை.

நம் நாட்டில் இந்தப் பாடம் தலைநகரில் பிறந்து தலைநகரிலேயே வளர்ந்தது. 1955-ல் டெல்லியில் சர்வதேச ஆய்வுகளுக்கான தனிப் பள்ளி வந்தது. அதற்கு முதல் இயக்குநராக இருந்த அ. அப்பாதுரை, இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதார நிலை பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெருநூலின் ஆசிரியர். கிராமத்துச் சந்தையையும் கடல் வாணிபத்தையும் ஒன்றாகப் பார்த்தவர். 1970-ல் அந்தப் பள்ளி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கிருந்து தூதர்களும் ஆய்வாளர்களும் வந்தார்கள். நாட்டுக்கு அது தேவைதான். ஆனால் டெல்லியிலிருந்து பார்க்கும்போது உலகம் என்பது வாஷிங்டன், பெய்ஜிங், இஸ்லாமாபாத். அரசுகளுக்கிடையே நடப்பதுதான் பாடம். அரசுகள் கையெழுத்திட்ட பிறகு அந்தக் கையெழுத்து யார் தோட்டத்தில் விழுகிறது என்ற பகுதி எழுதப்படவே இல்லை. தமிழ்நாட்டிலும் சென்னையின் சில பெரிய கல்லூரிகளைத் தாண்டினால் இது அரசியல் அறிவியல் பட்டப்படிப்பின் ஒரு தாள், அல்லது ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் ஒரு மாதக் குறிப்பேடு. மலையில் ஒரு சமுதாயக் கல்லூரி இதை எடுத்துக்கொண்டால் டெல்லிப் பாடத்தின் மலிவுப் பதிப்பாக நடத்தக் கூடாது. ஊரில் தொடங்கி உடன்படிக்கைக்குப் போக வேண்டும்.

வேலை கிடைக்குமா என்பது முதல் ஆட்சேபம். கேட்க உரிமையுள்ள கேள்வி. கடன் வாங்கி ஓராண்டு பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு வேறு கேள்வி இருக்கவும் முடியாது. சர்வதேச உறவுகள் டிப்ளமோவை மட்டும் காட்டினால் யாரும் வேலை தரமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். அதனால்தான் இது தனிப் படிப்பாக முதலில் வர வேண்டாம் என்கிறேன். தொழிற்படிப்புகளுக்கான மானியக் குழு வழிகாட்டுதலிலேயே 60 விழுக்காடு திறன், 40 விழுக்காடு பொதுக்கல்வி என்ற பங்கீடு இருக்கிறது. அந்த நாற்பதில் இப்போது நடப்பது பெரும்பாலும் ஆங்கில உரையாடலும் ஆளுமை வளர்ப்பும். அதாவது, நேர்முகத் தேர்வில் எப்படிக் கை குலுக்குவது என்ற வகுப்பு. அந்த இடத்தைத்தான் கேட்கிறேன். சுற்றுலா படிப்பவர் விசா விதிகளையும் மேற்காசியாவையும் தெரிந்திருந்தால் வட்டக்கானலில் அவர் கூடுதல் ஆள். காப்பி, பூண்டு உற்பத்தியாளர் குழுவில் ஐரோப்பிய விதியைப் படித்துச் சொல்லக்கூடியவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் வரும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் விஷயம் இன்னும் அவசரமானது. 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, அரசுகள் தலையிட்டபிறகே மீண்டு வந்தார்கள். அவர்களில் பலர் பட்டதாரிகள். ஆங்கிலமும் கணினியும் அறிந்தவர்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் ஏதோ தப்பு இருக்கிறது என்பதையும், மியாவாடி யாருடைய ஆட்சியிலும் முழுதாக இல்லாத எல்லைப் பகுதி என்பதையும் எந்த வகுப்பும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தமிழில் இதை நடத்த முடியுமா என்பது அடுத்தது. இதற்கு நான் அதிகம் மெனக்கெடப் போவதில்லை. இந்தியாவிலேயே இலங்கை என்ற ஒரு அண்டை நாட்டைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் தாய்மொழியில் வாதாடிய சமூகம் இது. கச்சத்தீவு ஒப்பந்தங்கள், பதின்மூன்றாவது சட்டத்திருத்தம், ஐ.நா. மனித உரிமை மன்றத் தீர்மானம், சர்வதேசக் கடல் எல்லைக்கோடு எல்லாவற்றையும் டீக்கடையில் தமிழிலேயே பேசி முடித்துவிட்டோம். மாநில அரசின் மேல்நிலை அரசியல் அறிவியல் பாடநூல்களில் வெளியுறவுக் கொள்கை தமிழில் இருக்கிறது. குறை மொழியில் இல்லை. உடன்படிக்கைகளின் நேரடித் தமிழாக்கங்களும் உள்ளூர் வழக்குகளின் தொகுப்பும்தான் இல்லை. அதை எழுதுவிப்பது ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு வேலை. ஆங்கிலத்தையும் ஒதுக்க வேண்டாம். ஒரு ஒப்பந்தத்தின் மூலத்தை அகராதியோடு வரிவரியாகப் படிப்பதைவிட நல்ல ஆங்கில வகுப்பு இருக்க முடியாது.

உண்மையில் வலுவான ஆட்சேபம் மூன்றாவது. வசதியுள்ள பிள்ளைக்கு ஐ.பி., டெல்லி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். மலைப்பிள்ளைக்கு அதே பெயரில் ஒரு சான்றிதழ் — இது ஏமாற்று இல்லையா என்பது அது. சமுதாயக் கல்லூரிகளின் வரலாறே இந்த ஐயத்துக்கு இடம் கொடுக்கிறது. படித்து முடித்த பலர் மேலே படிக்க நினைத்தபோது அந்தச் சான்றிதழை எந்தக் கல்லூரியும் மதிக்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கை ஓராண்டில் வெளியேறலாம், இரண்டாண்டில் வெளியேறலாம் என்று கதவுகளைத் திறந்தபோது, ஏழைப் பிள்ளைகள் பாதியில் நிற்பதைச் சட்டமாக்குகிறீர்கள் என்று தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு வெறும் கட்சி அரசியல் அல்ல. இங்கே முதல் தலைமுறைப் பட்டதாரிகளைக் கண்டவர்களின் அச்சம் அது. ஆகவே என் வாதத்துக்கு ஒரு நிபந்தனை போடுகிறேன். இந்தப் பாடத்தில் பெறும் மதிப்பெண் அலகுகள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, கொடைக்கானலிலேயே 1984 முதல் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலோ பி.ஏ. அரசியல் அறிவியல் படிப்பின் பகுதியாக ஏற்கப்பட வேண்டும். இது எழுத்தில் உறுதியாகும்வரை தொடங்கவே வேண்டாம். வெளியேறும் கதவு இருக்கட்டும். மேலே ஏறும் படி அதற்கு முன் கட்டப்பட வேண்டும். ஜோலியட்டில் ஆறு பேரைச் சேர்த்தபோது செய்ததும் அதுதான்: அவர்கள் படித்தது பல்கலைக்கழகப் பாடமாகவே கணக்கில் கொள்ளப்பட்டது.

யார் நடத்துவது, எங்கே? மகளிர் பல்கலைக்கழகம் மலையிலேயே இருக்கிறது. மேல்மலை ஆண் பிள்ளைகளுக்குத்தான் இடமில்லை. பழனியில் தேவஸ்தானம் கலைக் கல்லூரிகளை நடத்துகிறது. 2024 ஆகஸ்டில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடந்தது பழனியாண்டவர் கலை, பண்பாட்டுக் கல்லூரி வளாகத்தில்தான். மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், இலங்கை என்று தைப்பூசம் கொண்டாடும் நாடுகளின் பட்டியல், தமிழர் கூலிகளாகக் கப்பல் ஏறிய நாடுகளின் பட்டியலும்கூட. அந்த நாடுகளில் தமிழருக்கு இருக்கும் குடியுரிமை, மொழியுரிமை, வேலைச் சட்டம் ஆகியவற்றை ஒரு பருவம் முழுக்கப் படிக்கப் பழனியைவிடப் பொருத்தமான இடம் உண்டா? மாநாடு இரண்டு நாளில் முடிந்துவிடும். வகுப்பு ஆண்டுதோறும் நடக்கும். ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. அரசியல் அறிவியலில் முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும் முடித்துவிட்டு மணிக்கணக்குச் சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளராக அலைபவர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். பஞ்சம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தில்தான். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வந்து ஏற்றுமதி விதிகளைச் சொல்லலாம். ஏழு ரோட்டுப் பள்ளியும் தன் நூலகத்தை வாரம் ஒரு மாலை திறந்துவிட்டால் அதன் பெயரில் இருக்கும் இன்டர்நேஷனலுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு ஆட்சேபம் மேடையில் சொல்லப்படுவதில்லை, அலுவலகங்களில் சொல்லப்படும். உலக அரசியல் படித்த பிள்ளை போராட்டத்துக்குப் போவான், ஆலைக்கும் அரசுக்கும் தொல்லை கொடுப்பான் என்பது அது. கொடைக்கானலில் நடந்ததைப் பார்த்தால் எதிர்மாறாகச் சொல்லத் தோன்றுகிறது. விஷயம் தெரியாத ஊரில் எதிர்ப்பு ஒன்று வரவே வராது, அல்லது எல்லாம் கெட்டுப்போன பிறகு கொந்தளிப்பாக வரும். ஆலை வந்த புதிதிலேயே வாட்டர்டவுனில் அது ஏன் மூடப்பட்டது என்று கேட்க ஊரில் பத்துப் பேர் இருந்திருந்தால், நிறுவனத்துக்கும் அரசுக்கும்கூட இருபது ஆண்டு வழக்கு மிச்சமாகியிருக்கும்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பொதுக்கல்விப் பகுதியில் ஒரு பாடத்தைச் சேர்க்கப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு போதும். அலகு மாற்றத்துக்குக் கல்விக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். தமிழ்நாட்டுக்கென்று தனிப் பள்ளிக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்டில் அரசு வெளியிட்டது. மாநிலக் கொள்கை என்றால் மாநிலத்தின் மலைகளும் அதில் அடக்கம். முதல் ஆண்டு இருபது மாணவர்கள், மூன்று தாள்கள், அவற்றில் ஒன்று முழுக்கக் களப்பணி: காப்பி, பூண்டு, பாதரசம், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று ஆளுக்கொரு கோப்பு. அந்த இருபது கோப்புகளையும் கல்லூரி நூலகத்தில் ஊர்மக்கள் வந்து பார்க்கும்படி வைத்தால், இரண்டாம் ஆண்டுக்கான பாடநூலின் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.